கேரக்டர் டிசைனும் ராயபுரமும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் பிறந்தேன், இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன். பகலில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை. ராத்திரி சாப்பாடு முடிந்தபின் கேரக்டர் டிசைன். அதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ள மூன்று வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன். என் படங்களைப் பார்த்தவர்கள், கடைக்கு வருகிறவர்கள், சொந்தக்காரர்கள், இப்போதுதான் வரைய ஆரம்பித்திருக்கும் பிள்ளைகள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேரக்டர் டிசைனர் என்றால் என்ன வேலை?

அனிமேஷனோ, வீடியோ கேமோ, காமிக்ஸோ, அதில் வரும் ஆள் எப்படி இருப்பார் என்று முதலில் ஒருவர் முடிவு செய்ய வேண்டும். உயரம், தோள் அகலம், நடை, முடி, எந்தக் கால் செருப்பு அதிகம் தேய்ந்திருக்கும் என்பது வரை. அதன் பிறகு அந்த ஆளை முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று சுற்றிச் சுற்றி வரைந்து கொடுப்போம். அது டர்ன்அரவுண்ட். கோபம், சிரிப்பு, அழுகை, அலுப்பு எல்லாம் போட்டுக் காட்டுவது எக்ஸ்பிரஷன் ஷீட். கதையில் வரும் அத்தனை பேரையும் ஒரே தரையில் வரிசையாக நிறுத்துவது லைன்அப். ஒரு படத்தில் நூறு பேர் உட்கார்ந்து வரைவார்கள். அத்தனை கையிலும் அந்த ஆள் அதே ஆளாக இருக்க வேண்டுமென்றால் இந்தத் தாள்கள்தான் ஆதாரம்.

சோட்டா பீம் மாதிரியா?

ஆமாம். 2008-ல் டிவியில் வர ஆரம்பித்த தொடர், ஹைதராபாத்தில் தயாரானது. பீம், காலியா, சுட்கி மூன்று பேரின் நிழலை மட்டும் சுவரில் காட்டினாலும் ஐந்து வயதுக் குழந்தை யார் யாரென்று சொல்லிவிடும். அந்த நிழலைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

முதலில் வரைந்தது எதை?

ஜன்னல் கட்டையில், விரலால். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவார்கள். கடல் காற்றோடு அந்தத் தூசி எங்கள் தெருவுக்கு வந்துவிடும். கொடியில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. அம்மா காலையில் துடைத்த ஜன்னல் கட்டை சாயங்காலம் மறுபடி கறுப்பாகியிருக்கும். அதில் விரலால் முகம் வரைவேன். அம்மா துடைப்பாள், மறுநாள் புதுத் தாள் கிடைத்துவிடும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வது நின்றது. எங்கள் நெஞ்சுக்கு நல்லது. அப்புறம்தான் அப்பா எனக்கு முதல் ஸ்கெட்ச் நோட்டு வாங்கித் தந்தார்.

உங்கள் குரு யார்?

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெயிண்டர் தாத்தா இருக்கிறார். மவுண்ட் ரோட்டில் சினிமா பேனர் வரைந்தவர். பேர் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் போடவில்லை.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஸ்டில் போட்டோ மேல் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டம் போடுவார். பேனர் துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். அதற்கு ஸ்கேல் கிடையாது. நூலில் கலர்ப்பொடி தேய்த்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டி அடிப்பார். டப்பென்று நேர்க்கோடு விழும். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்குவார். கன்னத்தில் ரோஸ், தாடைக்குக் கீழே பச்சை, மூக்கோரத்தில் நீலம். பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் கலர்த் திட்டுகள். எதிர் பிளாட்பாரத்துக்குப் போய்த் திரும்பினால் நடிகர் நம்மைப் பார்ப்பார்.

"பஸ்ஸுல போறவனுக்கு மூணு செகண்டுதான். அதுக்குள்ள அவனுக்கு ஆளு புரியணும்" என்பார். இன்றைக்கும் ஒரு டிசைன் முடித்ததும் அதை விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கிறேன். ஆள் புரியவில்லையென்றால் மறுபடி ஆரம்பம்.

பிளெக்ஸ் வந்ததும் அவர் தொழில் போயிற்று. கொஞ்ச நாள் நம்பர் பிளேட் எழுதினார், அதுவும் ஸ்டிக்கருக்குப் போனது. அவர் வேலையைத் தின்ற மெஷினிலிருந்துதான் எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. அவர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத்தான் தினமும் அவர் வீட்டைக் கடந்து வேலைக்குப் போகும்போது மனசு கனக்கிறது.

புத்தகங்களில் யார்?

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது, நான் பிறப்பதற்கு ரொம்ப முன்பே. அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தன. அப்பா மாதம் ஒரு ஞாயிறு என்னை அங்கே கூட்டிப்போவார். அட்டை கிழிந்த அம்புலிமாமாவும் முத்து காமிக்ஸும் அங்கே கிடைத்தவைதான்.

அம்புலிமாமாவில் சங்கர். விக்கிரமன் தோளில் வேதாளத்தைத் தூக்கிப்போகும் அந்தப் படத்தை வரைந்தவர். 1947-ல் தொடங்கிய பத்திரிகை அது, அவர் அதில் பல பத்தாண்டுகள் வரைந்தார், 2020-ல் காலமானார். அந்தப் படத்தில் என்னை இழுத்தது ராஜாவின் முகம் இல்லை, தோள். பிணத்தின் கனம் ஒரு தோளில் இறங்கியிருக்கும், உடம்பு அதற்கு ஏற்ப நிமிர்ந்திருக்கும். மூட்டை தூக்கிப் பழகியவர்கள் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் கனம் உடனே தெரிந்தது.

முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடுதான் ஆரம்பித்தது. அதை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின்காரர். மாயாவியின் உடம்பு முழுக்க மறைந்து ஒரு கை மட்டும் மிதக்கும். ஒரு கையை மட்டும் வைத்து 'இந்த ஆள் பதற்றமாக இருக்கிறான்' என்று காட்டுகிறார். கை வரையக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆனந்த விகடனில் வரைந்த கோபுலுவைப் பற்றிக் கேட்டால் ஒரு பக்கம் போதாது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், இருபது பேருக்கும் முதுகு வேறு.

பெயின்டிங், சிலை, கூத்து?

மெரினாவில் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் வைத்தார்கள். நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். பஸ்ஸில் போகும்போது எல்லாரும் முன்பக்கம்தான் பார்ப்பார்கள். இறங்கிப் பின்னால் போய் நின்று பாருங்கள். முதுகுத் தசை, கெண்டைக்கால், குதிகால் எங்கே ஊன்றுகிறது என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. எட்டு வயதில் அப்பா என்னை அங்கே நிறுத்தி, "எங்க வேல இப்டித்தான்" என்றார். அப்பா துறைமுகத்தில் லோடுமேன். அதற்கு முன் அவர் வேலையை நான் பார்த்ததே இல்லை, அந்தச் சிலையில்தான் பார்த்தேன்.

கூத்து அம்மாவின் ஊரில், காஞ்சிபுரம் பக்கம். துரியோதனன் மேடைக்கு வரும்போது இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். பின்னாலிருந்து பாட்டு வரும், கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், சலங்கை கேட்கும். ஆள் வருவதற்குள் ஊரே நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். கிரீடமும், தோளில் கட்டும் புஜகீர்த்தியும் கல்யாண முருங்கை மரத்தில் செய்வார்கள். கனம் குறைவு, விடிய விடிய ஆட வேண்டுமே. ஆனால் பார்க்க அந்த ஆள் இரண்டு மடங்கு அகலமாகிவிடுவார். இருட்டில், தூரத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் யாரென்று தெரிய வேண்டும் என்று யோசித்துச் செய்த டிசைன் அது.

வெளிநாட்டு அனிமேஷனில் ஒன்றுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். டிஸ்னி ஸ்டூடியோவில் 1930-களின் கடைசியில் ஜோ கிராண்ட் என்பவரின் தலைமையில் கேரக்டர் மாடல் துறை என்று தனியாக வைத்திருந்தார்கள். வரைந்த ஆளைக் களிமண்ணில் சின்னப் பொம்மையாகவும் செய்து பார்ப்பார்கள், எந்தப் பக்கத்திலிருந்தும் வரைய வசதியாக. இதைப் படித்த அன்றே கொசப்பேட்டைக்குப் போனேன். கொலு பொம்மையும் பிள்ளையாரும் செய்கிற தெருக்கள். ஒரு அக்காவிடம் இரண்டு கிலோ மண் கேட்டேன். காசு வாங்கவில்லை, எப்படிப் பிசைவது என்று கற்றுக்கொடுத்து அனுப்பினார். இப்போது முக்கியமான எந்த கேரக்டரையும் மண்ணில் பிடித்துப் பார்க்காமல் முடிப்பதில்லை.

எங்கே உட்கார்ந்து வரைகிறீர்கள்?

கும்மிடிப்பூண்டி லோக்கலில். கொருக்குப்பேட்டையில் ஏறினால் எண்ணூர் வரை பத்துப் பேரை வரையலாம். மெட்ரோ விம்கோ நகர் வரை 2021-ல் வந்துவிட்டது, ஏசி இருக்கிறது, ஆனால் அதில் எல்லாரும் ஒரே மாதிரி போன் பார்க்கிறார்கள். லோக்கலில் கூடை இருக்கும், தூக்கம் இருக்கும், சண்டை இருக்கும்.

அதைவிட முக்கியம் காசிமேடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். அப்போது அண்ணன்மார்கள் நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள், ஒரே நிலையில் மணிக்கணக்காக. வரைய அதைவிட நல்ல காலம் இல்லை. அவர்கள் வீடுகளுக்கு அதைவிடக் கஷ்டமான காலமும் இல்லை. அதனால் அந்த இரண்டு மாதம் வெறும் கையோடு போவதில்லை, டீயும் பன்னும் வாங்கிப்போவேன்.

என் அத்தை அங்கேதான் மீன் வெட்டுகிறாள். அவளை நாற்பது தடவையாவது வரைந்திருப்பேன். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, அருவாமனையை வலது காலால் அழுத்தி, இடது முழங்காலை நிமிர்த்தி வைத்திருப்பாள். வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டிருப்பாள். செதில்கள் முன்கையில் ஒட்டிக் காய்ந்து, கையைத் திருப்பும்போது ஜிகினா மாதிரி மின்னும். வஞ்சிரத்தைத் துண்டு போடும்போது கத்தியைப் பார்க்கவே மாட்டாள். கண் வாங்க வந்தவர் மேல், வாய் பக்கத்துக் கடைக்காரியோடு. நான் பெருமையாக ஒரு படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நொடி பார்த்தாள்.

"இன்னாடி, கட்ட வெரல எங்க வெச்சிகிற? அப்டி வெச்சா மொத மீனுக்கே வெரலு பூடும்."

உண்மைதான். போட்டோவைப் பார்த்து, அழகாகத் தெரியட்டும் என்று நான் கட்டை விரலை முன்னால் கொண்டுவந்திருந்தேன். அன்றிலிருந்து ஒரு வேலை செய்கிற ஆளை வரைந்தால், அந்த வேலையைச் செய்கிறவரிடம் காட்டாமல் வெளியே விடுவதில்லை.

வடசென்னைக்காரியாக இருந்துகொண்டு ஏன் ரவுடி கேரக்டர் வரைய மாட்டேன் என்கிறீர்கள்?

ஒரு முறை வரைந்தேன். அதனால்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஸ்டூடியோ டெஸ்ட் வேலை கொடுத்தது. கேம் ஒன்றுக்கு 'வடசென்னை அண்ணன்' ஒருவர் வேண்டும். நான் ஒரு லோடுமேனை வரைந்து அனுப்பினேன். தடித்த கழுத்து, மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் சும்மாடு, ஒரு பக்கம் சற்றே இறங்கிய தோள். வலது புருவத்தில் ஒரு தழும்பு. அப்பாவுக்கு அங்கே தழும்பு உண்டு, மூட்டை இழுக்கும் கொக்கி வழுக்கிப் பட்டது, ஆறு தையல்.

பதில் வந்தது. தழும்பு நன்றாக இருக்கிறது, அதைக் கன்னம் வரை இழுங்கள், கத்தி வெட்டு மாதிரி தெரியட்டும். கண்ணைச் சிவப்பாக்குங்கள். சும்மாட்டை எடுத்துவிடுங்கள், புரியவில்லை. கையில் ஏதாவது ஆயுதம்.

நான் செய்து கொடுத்தேன். காசு தேவைப்பட்டது. மூவாயிரம் ரூபாய் வந்தது. அப்பா என் ஸ்க்ரீனில் அந்தப் படத்தைப் பார்த்தார். தன் புருவத்தைத் தொட்டுக்கொண்டார். "நல்லா வரஞ்சிகிறமா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

எங்கள் பக்கம் ரவுடியே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லா ஊரிலும் இருப்பது எங்களிடமும் உண்டு. ஆனால் இங்கே குத்துச்சண்டை பழகுகிற பசங்க இருக்கிறார்கள், கேரம் போர்டு மேல் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடுகிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், வியாசர்பாடியில் விடியற்காலை புட்பால் ஆடுகிறவர்கள், ரயில்வே ஒர்க்‌ஷாப் யூனிபார்மில் சைக்கிள் மிதிக்கிற பெரம்பூர்க்காரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் அவரவர் வேலை படிந்திருக்கிறது. அதை அழித்துவிட்டு எல்லார் முகத்திலும் ஒரே வெட்டுக் கோட்டைப் போடுவது மோசமான டிசைன். தொழில் தெரிந்த யாரும் அப்படிச் செய்யக் கூடாது. நான் இனிச் செய்ய மாட்டேன்.

எல்லாரையும் கறுப்பாகவே வரைகிறீர்களே, கொஞ்சம் வெளுப்பாக வரைந்தால் என்ன?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கேட்கிறவர்களும் என்னைப் போலக் கறுப்பாக இருப்பவர்கள்தான், அதுதான் வலிக்கிறது.

எப்படிப் பூசுவது என்று சொல்கிறேன், வரைகிற பிள்ளைகளுக்கு உதவும். வெளிர் நிறத்தில் ஆரம்பித்து, கறுப்பைக் கலந்து இருட்டாக்காதீர்கள். முகம் சாம்பல் தட்டி, காய்ச்சல்காரர் மாதிரி ஆகிவிடும். பழுப்பிலேயே ஆரம்பியுங்கள். நிழலை அரக்குக்கோ கத்திரிப்பூ நிறத்துக்கோ சாய்த்துக் கொண்டுபோங்கள். கருந்தோலில் வெளிச்சம் சின்னதாக, கூர்மையாக விழும். நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, தோள்பட்டை. அதை வெறும் வெள்ளையால் தொடாதீர்கள், எதிரே என்ன இருக்கிறதோ அதன் நிறம் அங்கே வரும். காலை ஏழு மணி காசிமேட்டில் வானத்து நீலம் அத்தையின் நெற்றியில் இருக்கும், கழுத்துக்குக் கீழே தார்ப்பாயின் நீலம் வேறாக இருக்கும். உள்ளங்கை, நகக்கண், உதட்டின் உள்பக்கம் வேறு நிறம். இத்தனை நிறத்துக்கு இடம் கொடுக்கிற தோலை ஏன் வெளுக்க வேண்டும்?

ஏ.ஐ. வந்துவிட்டதே, பயமில்லையா?

இருக்கிறது. பெரிய பெயர் வாங்கியவர்களைவிட என்னைப் போல வாசலில் நிற்கிறவர்களுக்குத்தான் முதல் அடி விழும். சின்னச் சின்ன ஸ்கெட்ச் வேலைகள்தான் புது ஆட்களுக்குக் கிடைக்கும் நுழைவு, அதைத்தான் இப்போது மெஷினிடம் கொடுக்கிறார்கள். பெயிண்டர் தாத்தாவுக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள், எனக்கு நடக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஒரு தடவை சென்னையில் மீன் வெட்டும் பெண் என்று கேட்டுப் பார்த்தேன். கல்யாணப் பெண் மாதிரி நகை போட்டு, சிரித்துக்கொண்டு, முழு மீனைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருத்தி வந்தாள். அத்தையிடம் காட்டியிருந்தால் கட்டை விரலைப் பற்றி மட்டும் பேசியிருக்க மாட்டாள். என் வேலையில் அதைப் பயன்படுத்துவதில்லை. வேலை கொடுப்பவர்களிடம், என் படங்களை மெஷினைப் பழக்க எடுக்கக் கூடாது என்று எழுத்தில் கேட்கிறேன். இதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போனது.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

அப்பா ஒன்றும் சொல்வதில்லை. அம்மா கவலைப்படுகிறாள். "இன்னும் எத்தன நாளைக்கு இந்த பொம்ம?" என்பாள். அவளுக்கு என் வேலை மேல் கோபம் இல்லை. தான் போன பிறகு எனக்கு யார் என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கிறாள், அது எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. போன தீபாவளிக்கு ஒரு சிறுவர் புத்தகத்துக்கு வரைந்த காசில் அவளுக்குப் புடவை எடுத்தேன். புத்தகத்தைப் பீரோவில் அந்தப் புடவைக்குள் மடித்து வைத்திருக்கிறாள்.

ஓவியக் கல்லூரியில் படித்தீர்களா?

இல்லை, பி.காம். அரசு கவின் கலைக் கல்லூரி எங்களுக்குப் பக்கம்தான். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி, ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். பன்னிரண்டாவது முடித்தபோது அப்படி ஒரு கல்லூரி இருப்பதே எனக்கும் என் டீச்சர்களுக்கும் தெரியாது. உங்கள் பிள்ளை வரைகிறதென்றால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். அரசுக் கல்லூரி.

என்ன சாப்ட்வேர்? என்ன டேப்லட்?

கிரிட்டா. இலவசம். செகண்ட் ஹேண்ட் வாகாம் (Wacom) டேப்லட், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. பேப்பரும் பென்சிலும் இருந்தால் முதல் ஒரு வருடத்துக்கு இதெல்லாம் வேண்டாம்.

கை வலிக்காதா?

வலித்தது, மூன்று மாதம். மணிக்கட்டை மட்டும் ஆட்டி வரைந்ததன் பலன். பெயிண்டர் தாத்தா என் தோளைப் பிடித்து, "இங்கேர்ந்து வரையணும்" என்று காட்டினார். இப்போது அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கிறேன். உங்களுக்கு மரத்துப்போவது போல இருந்தால் டாக்டரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு ஒரு டிபி வரைந்து தருவீர்களா, ப்ரீயாக?

தடைக்காலத்தில் வலை பின்னுகிறவர்களுக்கும் தெருக் குழந்தைகளுக்கும் தருகிறேன். மற்றவர்களுக்குக் காசு.

இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?

எங்கள் தெரு ஒன்றிலிருந்தே பதினோரு பேர், ஒரே தரையில் வரிசையாக நிற்கும் ஒரு லைன்அப். அத்தை, அப்பா சும்மாட்டோடு, இட்லிக் கடை ஆயா, கேரம் ஆடும் பெண், ஐஸ் லோடு அடிக்கும் தம்பி என்று ஏழு பேர் முடிந்துவிட்டார்கள். அப்பாவின் புருவத்தில் தழும்பு அதன் சரியான நீளத்தில் இருக்கிறது.

எட்டாவது ஆள் பெயிண்டர் தாத்தா. எட்டு மாதமாக வரவில்லை. அவர் கையில் பிரஷ் இல்லாமல் வரைந்தால் அவராக இல்லை, பிரஷ் வைத்து வரைந்தால் பொய்யாகத் தெரிகிறது. நேற்று நேராகவே போய்க் கேட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் எனக்காக உட்கார முடியுமா என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்று கேட்டார்.